எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. வலது கை இடுக்கியால் எட்டாவது டோனட்டை டப்பாவில் வைத்ததும் ஆர்டிஸ் மோயனின் இடது கை தானாக இறங்கி இடுப்பைத் தொடும். அங்கே ஏப்ரன் முடிச்சைத் தவிர ஒன்றும் இராது. அரை நொடிதான். கை மேலே வந்துவிடும். அதற்குப் பிறகே ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. டஜன் வாங்க வந்த வெளியூர்க்காரர்கள், பாவம், அம்மாவுக்கு இடுப்பு வலி என்று நினைத்துக்கொள்வார்கள். பைன் ஹாலோ ஊர்க்காரர்களுக்கு விஷயம் தெரியும். அந்த அரை நொடியில் ஆர்டிஸ் மனசுக்குள் ஒரு ரிவால்வருக்குத் தோட்டா மாற்றி முடித்திருப்பார்.

வயது ஐம்பத்தெட்டு. ஊரின் ஒரே பேக்கரி அவருடையது. சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு, மாவு ஒட்டிய ஷூவைக்கூட மாற்றாமல், பழைய மணல் குவாரியில் இருக்கும் துப்பாக்கிக் கழகத்துக்குப் பிக்கப்பை விரட்டுவார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அவருடைய வலது சுட்டுவிரல் மற்ற விரல்களைவிடக் கொஞ்சம் தடித்தது. தினமும் நிலவறையில் நின்று காலி ரிவால்வரின் விசையை இருநூறு தடவை இழுப்பதால் வந்த தடிப்பு. கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே பாட்டிலைக் கையில் எடுத்தாலும் எட்டு பீச்சு, ஒரு நிறுத்தம், மறுபடி எட்டு பீச்சு.

அவர் கணவர் வெர்ன் இதையெல்லாம் யாரிடமும் மறைப்பதில்லை. "எங்க கல்யாண நாள் என்னைக்குன்னு கேட்டா முழிப்பா. நிலவறைக்கு எத்தனை படின்னு கேட்டுப் பாருங்க. ஒரு எட்டு, அப்புறம் ஒரு அஞ்சும்பா."

கழகத்தில் நாற்பது பேர் இருந்தால் முப்பத்தாறு பேர் பிஸ்டல்காரர்கள். இருபது தோட்டா அடங்கும் மேகசின் பெட்டியைச் செருகிக்கொண்டு, இறைத்துத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள். ரிவால்வர்காரர்கள் நாலே பேர். எட்டு சுட்டதும் உருளையைத் திறந்து, காலிகளைக் கொட்டி, எட்டுத் தோட்டாவையும் ஒன்றாகக் கவ்விக்கொண்டிருக்கும் தகட்டு வட்டை இடுப்பிலிருந்து எடுத்துப் போட்டு மூட வேண்டும். ஆர்டிஸுக்கு அதற்கு இரண்டு நொடி. தெரிந்தவர்கள் அந்த இரண்டு நொடியைப் பார்ப்பதற்கென்றே வந்து நிற்பார்கள். ஆனால் போட்டி முடிவில் நாலு பேருக்கு ஒரு தனிப் பட்டியலா என்று கழகக் கமிட்டி போன குளிர்காலத்தில் கேட்டுவிட்டது. அக்டோபர் முடிவதற்குள் ஐந்தாவது ஆள் சேராவிட்டால் ரிவால்வருக்குத் தனி வரிசை கிடையாது. பிஸ்டல்காரர்களோடு சேர்த்து எழுதிவிடுவார்கள். சேர்த்து எழுதினால் இவர்கள் இடம் எங்கே என்று சொல்லத் தேவையில்லை. கடைசியில்தான்.

இந்த நேரத்தில்தான் அந்தப் போட்டோ வந்தது.

பிப்ரவரியில், ஏதோ ஒரு வியாபாரக் கண்காட்சியில், ஏதோ ஒரு மேஜைமேல் இருந்த புது மாடல் ரிவால்வரை யாரோ திருட்டுத்தனமாகப் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். பாதி உருளையைக் காப்பிக் கோப்பை மறைத்துக்கொண்டிருந்தது. கம்பெனி வாயைத் திறக்கவில்லை. "கோடையில் வருகிறது" என்று ஒரு வரி, அவ்வளவே. அந்த ஒரு வரிக்கு நாடு முழுக்க இருந்த ரிவால்வர்காரர்கள் தூக்கத்தைத் தொலைத்தார்கள். பிடி என்ன மரம், குழல் எத்தனை அங்குலம், விசை எப்படி என்று ஆயிரம் கேள்வி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே கேள்வி: எட்டா, ஒன்பதா?

ஆர்டிஸ் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கடைச் சுவரில், காப்பி மெஷினுக்கு மேலே ஒட்டினார். நாலு பேரில் மூத்தவரான ஹார்லன் கையில் கோணமானியோடு வந்து நாற்காலிமேல் ஏறினார். முப்பது வருஷம் மாவட்டத்தில் நில அளவை பார்த்தவர். உருளையின் மேல் தெரிந்த இரண்டு பள்ளங்களுக்கு நடுவே அளந்தார். மறுபடி அளந்தார். கோணமானியை மடியில் செருகிக்கொண்டு இறங்கினார்.

"நாப்பத்தொரு டிகிரி, ஆர்டிஸ்."

"அப்படின்னா?"

"எட்டா இருந்தா நாப்பத்தஞ்சு வரணும்மா. ஒம்பதுன்னா நாப்பது. இது ஒம்பது! நான் அளந்து தப்பினதா சரித்திரமே கிடையாது."

ஆர்டிஸ் ஒரு தட்டு ஆப்பிள் டோனட்டை அடுப்பிலேயே தீயவிட்டுவிட்டு அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்பது! போட்டியில் பதினெட்டு குண்டு சுட வேண்டிய கட்டத்தில் எட்டுக்காரர் இரண்டு தடவை தோட்டா மாற்ற வேண்டும். ஒன்பதுக்காரருக்கு ஒரே தடவை. இரண்டு நொடி மிச்சம். இரண்டு நொடியில் என்னென்ன செய்யலாம்!

வெள்ளிக்கிழமைதோறும் ஆபீசுக்கு ஒரு டஜன் வாங்க வருகிறவன் லைல் டார்விக். வீடுகளுக்கு எரிவாயு கொண்டுபோகும் லாரி ஓட்டுகிறான். முப்பத்து நாலு வயது. பிஸ்டல்காரர்களில் அவன்தான் வேகம். வாயும் அதே வேகம். சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்ன ஆர்டிஸ்க்கா, மியூசியத்துக்குப் புதுசா ஒண்ணு வருதாமே?"

"வரட்டும்டா. ஜூன் போட்டியில பதினெட்டு குண்டுக் கட்டம் இருக்கில்ல? அதுல உன்னை ஜெயிச்சுட்டேன்னா, நீ ரிவால்வரைப் பிடிக்கணும். எங்களுக்கு அஞ்சாவது ஆளு நீதான்."

"ஐயோ, அவ்வளவு பெரிய தண்டனையா? சரி, நான் ஜெயிச்சா?"

"உன் மூஞ்சியை ஃப்ரேம் போட்டு இந்தச் சுவத்துல மாட்டறேன்."

"நல்ல போட்டோவா எடுத்து வைக்கிறேன்" என்றான் லைல். கை குலுக்கினார்கள். அவன் உள்ளங்கையெல்லாம் சர்க்கரை.

அன்றிலிருந்து ஆர்டிஸ் ஒன்பதுக்கு மாறினார். இருபத்திரண்டு வருஷத்து எட்டைப் பிடுங்கி எறிவது லேசான காரியமா? நிலவறையில் பழைய ரிவால்வரை வைத்துக்கொண்டு ஒன்பது இழுப்பு, கை இடுப்புக்கு. காலித் துப்பாக்கிக்கு எட்டென்ன, ஒன்பதென்ன, இழுத்தால் 'டிக்' என்னும். மார்ச் மாதத்தில் டோனட் எண்ணும்போது எட்டில் கை பாதி இறங்கி, தயங்கி, ஒன்பதில் முழுசாக இறங்கியது. ஏப்ரலில் எட்டைச் சட்டை செய்யாமல் ஒன்பதிலேயே நின்றது. ஊர் கவனித்துவிட்டது. "ஆர்டிஸுக்கு ஒண்ணு கூடியிருக்கு" என்று தபாலாபீசில் பேசிக்கொண்டார்கள். மேயில் அவரே எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார்: "இப்ப தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒம்பதுதான்."

ஜூன் முதல் வாரம், புதன்கிழமை. டெல்மர் கடையிலிருந்து போன் வந்தது. மீன் தூண்டிலும் மண்புழுவும் துப்பாக்கியும் ஒரே கூரையின் கீழ் விற்கிறவர் அவர். "வந்துருச்சு. ஒண்ணே ஒண்ணு. உன் பேருலதான் எடுத்து வச்சிருக்கேன். ஓடி வா, இங்க ஆளுங்க டப்பாவை முகர்ந்து பாக்கறாங்க."

ஆர்டிஸ் கடைக் கதவில் எதையும் மாட்டவில்லை. வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "காப்பி நீங்களே ஊத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார். அவர்களில் பாதிப் பேர் காப்பிக் கோப்பையோடு அவர் பின்னாலேயே வந்துவிட்டார்கள். டெல்மர் புழு நோண்டிய கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். டப்பாவைத் திறந்தார். எண்ணெய்த்தாளை விலக்கினார். ஆர்டிஸ் அதை எடுத்து, உருளையைத் திறந்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

எட்டு ஓட்டை.

ஹார்லன் கிட்டே வந்து விரல் வைத்து எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். எந்தப் பக்கமிருந்து ஆரம்பித்தாலும் எட்டு. "படத்தைச் சாய்ச்சு எடுத்துத் தொலைச்சிருக்கான்" என்றார் மெல்ல. "சாய்மானத்தை நான் கழிச்சிருக்கணும். முப்பது வருஷம் நிலம் அளந்திருக்கேன்…"

"உங்க அளவை நம்பித்தான் என் வீட்டு வேலி போட்டிருக்கேன், ஹார்லன்" என்றார் டெல்மர் கவலையோடு.

கடை அதிரச் சிரித்தது. ஆர்டிஸ் சிரிக்கவில்லை. உருளையை மூடிவிட்டு டெல்மரைப் பார்த்தார். "இழுத்துப் பாக்கலாமா?" டெல்மர் தலையாட்டினார். சுவரைப் பார்த்து ஒரு தடவை, மெதுவாக, விசையை இழுத்தார். அப்படியே நின்றார். இன்னொரு தடவை இழுத்தார். முகம் முழுக்க வெளிச்சம் பரவியது.

"ஏ அப்பா!" என்றார். "நல்லாப் பிசைஞ்ச மாவை அமுக்கற மாதிரி இருக்கு. எங்கயும் தட்டலை, எங்கயும் முட்டலை. எட்டோ ஒம்பதோ போய்த் தொலையட்டும், இதைப் பாருங்கய்யா!"

போட்டிக்கு மூன்று நாள். நாலு மாதம் பாடுபட்டு ஏற்றிய ஒன்பதை மூன்று நாளில் இறக்க வேண்டும். ஊரே கூட நின்றது. டோனட் வாங்க வந்தவர்கள் அவரோடு சேர்ந்து எண்ணினார்கள். "ஆறு! ஏழு! எட்டு!" என்று பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் கத்திய கத்தலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெள்ளிக்கிழமை லைல் வந்தபோது வேண்டுமென்றே, "ஒம்பது! ஒம்பது!" என்று கத்தினான். ஆர்டிஸ் இடுக்கியால் அவன் மணிக்கட்டில் ஒன்று வைத்தார்.

சனிக்கிழமை. மணல் குவாரியில் வெயில். பதினெட்டு குண்டுக் கட்டத்தில் லைல் முதலில் சுட்டான். ஓடினான், இறைத்தான், முடித்தான். ஒரு குண்டு தவறியதற்கு இரண்டு நொடி சேர்த்து மொத்தம் பதினாலு புள்ளி ஆறு நொடி. அடுத்தது ஆர்டிஸ். நேரக் கருவி 'பீப்' என்றது. புது ரிவால்வர் பேசியது. எட்டு குண்டு, எட்டும் இலக்கில். கை இடுப்புக்குப் போய் வந்தது யாருக்கும் தெரியவில்லை. பழைய துப்பாக்கியில் ஒரு நாளும் வராத வேகம். "அடிம்மா!" என்று ஹார்லன் கத்தினார். மறுபடி எட்டு. பதினாறு ஆகிவிட்டது. இடுப்பிலிருந்து வட்டை எடுத்துப் போட்டு, மிச்சம் இரண்டைச் சுட்டால் முடிந்தது. பிஸ்டல்காரர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். லைல் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

'டிக்.'

ஒன்பதாவது இழுப்பு. காலி. ஆர்டிஸின் விரல் ஏப்ரல் மாதத்துக்குப் போய்விட்டது. ஒரு கணம் துப்பாக்கியை அவர் பார்த்தார், அவரைத் துப்பாக்கி பார்த்தது. அப்புறம்தான் கை இடுப்புக்குப் பாய்ந்தது. கடைசி இரண்டும் இலக்கில்தான். பதினைந்து புள்ளி இரண்டு. நொடியில் பத்தில் ஆறு பங்கில் தோல்வி. அந்த ஒரு 'டிக்'கின் விலை அதைவிட அதிகம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். எட்டை எட்டாகவே விட்டிருந்தால் ஜெயித்திருப்பார்.

"ஒம்பதாவது குண்டு எங்கக்கா?" என்றான் லைல். "டோனட் டப்பாவுல வச்சுட்டு வந்துட்டீங்களா?"

முதலில் சிரித்தவர் ஆர்டிஸ்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அது எல்லாம் சிரிப்பால் வந்த நீர்தானா என்று ஹார்லன் பார்த்துக்கொண்டே இருந்தார். போட்டி முடிந்து இலக்குகளைக் கழற்றுவதற்கு முன்னால் ஆர்டிஸ் லைலைக் கூப்பிட்டார். "வா இங்க. வாய் கிழியப் பேசறவன் இதை ஒரு தடவை சுட்டுட்டுப் பேசு."

லைல் சுடும் கோட்டில் நின்று எட்டு சுட்டான். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. எட்டுக்கும் இரும்புத் தட்டு 'டங்' என்றது. ஒன்பதாவதையும் இழுத்தான். 'டிக்.'

கூட்டம் ஊளையிட்டது. "நீயும் ஒம்பதுல மாட்டினியாடா!" என்றார்கள். லைல் திரும்பவில்லை. கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தணிந்த குரலில் கேட்டான்: "இன்னொரு வட்டு இருக்காக்கா?"

கொடுத்தார். அதையும் சுட்டான். மூன்றாவது கேட்டபோது, "அடுத்தவன் சுட வேண்டாமா?" என்று ஆர்டிஸ் வாங்கிக்கொண்டார்.

பந்தயப்படி லைலின் படம் ஃப்ரேமோடு சுவரேறியது, காப்பி மெஷினுக்கு மேலே, சாய்த்து எடுத்த ரிவால்வர் படத்துக்குப் பக்கத்தில். வெள்ளிக்கிழமைதோறும் அவன் வந்து தன் படத்துக்கு ஒரு சலாம் போட்டுவிட்டுத்தான் ஆர்டர் சொல்வான். ஜூலையில் ஆர்டிஸ் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். "ஜெயிச்சவனுக்கு ஏங்க்கா தண்டனை?" என்றுவிட்டான். ஆகஸ்டில் அவர் கேட்கவில்லை. கமிட்டியின் காகிதத்தில் ரிவால்வர் என்ற தலைப்பின் கீழ் நாலு பெயர் இருந்தது. டெல்மர் அதே மாடலில் இரண்டாவது பார்சல் வந்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவரிடம் வாடிக்கையாளர் ரகசியம் புழுப்பெட்டியில் போட்ட மாதிரி, மேலே வராது.

செப்டம்பர், மூன்றாவது வெள்ளி. லைல் கவுண்டரில் சாய்ந்து நின்று லாரியின் பிரேக் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். ஆர்டிஸ் எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது டோனட் டப்பாவில் உட்கார்ந்ததும் லைலின் இடது கை, அவன் பேச்சு நிற்காமலே, தானாக இறங்கி இடுப்பைத் தொட்டது.

ஆர்டிஸ் ஒன்பதாவதை இடுக்கியில் தூக்கிப் பிடித்தபடி, அந்தக் கை மேலே வரும்வரை காத்திருந்தார்.