பிரகதீஸ்வரியின் முதல் நேரலை

திருமயத்தில் கோட்டைக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பிரகதீஸ்வரி ஆப்பிள் கம்ப்யூட்டர் பற்றித் தமிழில் வீடியோ போடுகிறாள். வீடியோவில் முகம் வராது. திரையில் நடப்பதை அப்படியே பதிவு செய்வாள். அம்புக்குறி நகரும், மெனு திறக்கும், எதை அழுத்த வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று அவள் குரல் சொல்லும். சேனலுக்கு ‘மேக் மேசை’ என்று பெயர். பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கல்யாண வீடியோக்காரர்கள். கடன் வாங்கியோ பழசு வாங்கியோ ஒரு மேக்கை ஸ்டுடியோவில் வைத்துவிட்டு, அதன்பிறகு யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறவர்கள்.

ஆப்பிளில் புது சிஸ்டம் வந்தால் முதலில் தன்னுடைய பழைய லேப்டாப்பில் போட்டுப் பார்ப்பாள். எந்த எடிட்டிங் சாஃப்ட்வேர் ஒழுங்காக ஓடுகிறது, எது முரண்டு பிடிக்கிறது என்று பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சொல்வாள். “அக்கா சொல்லாம அப்டேட் பண்ண மாட்டேன்” என்று கீழே எழுதுவார்கள். “கணீர்னு பேசுறீங்க, தடங்கலே இல்ல” என்றும் எழுதுவார்கள்.

அவளுக்குத் திக்குவாய் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

ப, ம, ந. இந்த மூன்று எழுத்தில் சொல் தொடங்கினால் பெரும்பாலும் உதடோ நாக்கோ ஒட்டிக்கொள்ளும், தொண்டை பூட்டிக்கொள்ளும். பதற்றத்தில் எந்த எழுத்தும் சிக்கும். சொந்தப் பெயரே ப-வில்தான் தொடங்குகிறது. சேனல் பெயர் ம-வில். புதுக்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்த காலத்தில், வாடிக்கையாளர் வந்தால் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விடுவாள். ஸ்கிரீன் ரெக்கார்டிங் அவளுக்குக் கிடைத்தது ஒரு புண்ணியம். பேசலாம், திக்கலாம், திரும்பப் பேசலாம். பிறகு உட்கார்ந்து, ஒலி அலை படுத்துக்கிடக்கிற இடங்களையெல்லாம் வெட்டி எடுத்துவிடலாம். மூச்சோடு மூச்சை ஒட்ட வைத்தால் தையல் தெரியாது. பத்து நிமிட வீடியோவுக்கு இரண்டு நாள் வெட்டுவாள். சந்தேகம் கேட்க ஒரு வாட்ஸ்அப் எண் கொடுத்திருந்தாள். எழுதினால் பதில் வரும். கூப்பிட்டால் எடுக்க மாட்டாள்.

போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. டிஸ்க்கில் இடம் காலி செய்து தருகிற ஒரு சின்ன சாஃப்ட்வேரைப் பற்றிக் காலையில் வீடியோ போட்டிருந்தாள். வெளிநாட்டில் யாரோ ஒருவர் தனியாளாக எழுதி விற்பது. எடிட்டிங் செய்யும்போது சேர்ந்துபோகிற ஒன்றுக்கு இரண்டான கோப்புகளைத் தேடிப் பிடித்து அழிக்கும். ஒரு வருடமாக அவளே பயன்படுத்தி, நம்பிக்கை வந்த பிறகுதான் சொன்னாள். “கீழே லிங்க் குடுத்திருக்கேன், டவுன்லோடு பண்ணிக்கங்க.”

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது அந்த சாஃப்ட்வேருக்குப் புதுப் பதிப்பு வந்திருப்பதாகத் திரையின் ஓரத்தில் ஒரு அறிவிப்பு இருந்தது. வழக்கம்போலப் பழைய லேப்டாப்பில் போட்டாள். சோதனைக்கென்று வைத்திருக்கும் சில வீடியோத் துண்டுகள்மேல் ஓட விட்டாள். முடிந்ததும் திறந்து பார்த்தாள். நகல்கள் இருந்தன. அசலைக் காணோம்.

திரையில் குப்பைத்தொட்டியைத் திறந்தாள். காலி. வேறு துண்டுகளை வைத்து இன்னொரு முறை ஓட விட்டாள். திரும்பவும் அசல் போயிற்று, நகல் நின்றது. அந்த நகலும் குரல் இல்லாமல், முகம் தெரியாத அளவுக்குச் சுருக்கியது, எடிட்டிங்குக்காக மட்டும் செய்துகொள்வது. அதை வைத்து ஒருவருக்கும் கல்யாண வீடியோ கொடுக்க முடியாது.

காலை வீடியோவில் அவள் காட்டியது பழைய பதிப்பு. இப்போது அந்த லிங்க்கை அழுத்துகிறவர்களுக்கு வருவது புதுசு.

சேனலிலிருந்து வீடியோவை உடனே எடுத்தாள். எடுத்தவுடனேதான் உறைத்தது. ஏற்கனவே பார்த்தவர்களுக்கு அதனால் என்ன ஆகும்? அவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். வீடியோவைத் திரும்பப் போட்டு, அதன் கீழே முதல் வரியாக எச்சரிக்கை எழுதினாள். லிங்க்கைத் தூக்கினாள். சேனலில் தனியாக ஒரு அறிவிப்பும் போட்டாள். “ஓட்டாதீர்கள். ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள்.” யார் படிக்கிறார்கள்? ஸ்டுடியோக்காரர்கள் கேட்பார்களே தவிர வாசிக்கிறவர்கள் கிடையாது. வாட்ஸ்அப்பில் எண் இருந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராக அனுப்ப ஆரம்பித்தாள்.

அப்போது போன் அடித்தது. தெரியாத எண். யாராவது ஓட்டியிருப்பார்களோ என்று அவள் எடுத்தாள்.

“மேடம், அஸ்ஸலாமு அலைக்கும். கோட்டைப்பட்டினத்துலேருந்து பக்கீர் முகமது பேசுறேன், வீடியோ ஸ்டுடியோ வச்சிருக்கேன். ஒங்க வீடியோ எல்லாம் பாப்பேன். ஒரு நன்றி சொல்லலாம்னுதான். இன்னைக்குச் சொன்னீங்கள்ல, அதப் போட்டு விட்டிருக்கேன். பாதி ஓடிருச்சு. எடம் அப்படியே காலியாவுது மேடம்!”

நிறுத்துங்க. அந்த ஒரு சொல்தான் வேண்டும். நாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டியது. “ந்...” என்று கூட வரவில்லை. கழுத்து நரம்பு இழுத்தது. வேறு சொல்லுக்கு மாற வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க அப்படி மாறி மாறித்தான் பேசியிருக்கிறாள். ஆனால் பதற்றத்தில் வந்த அடுத்த சொல் ‘பிளக்’. அதுவும் ப.

“ஹலோ? மேடம்? டவர் இல்ல போலருக்கு. சவுதி லைன் ஒண்ணு வேற வருது, கல்யாண மாப்பிள்ளைதான். வச்சிட்டுக் கூப்பிடுறேன்.”

வைத்துவிட்டான்.

திரும்பக் கூப்பிட்டாள். பிஸி. வாட்ஸ்அப்பில் எழுதினாள். போய்ச் சேர்ந்தது, படிக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். பிஸி. அவள் கணவன் வெற்றிசெல்வன் காரைக்குடி வழித்தடத்தில் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வேறு சமயமாக இருந்தால் அவனைப் பேசச் சொல்லியிருப்பாள். அவன் இப்போது எந்தக் கூட்டத்தில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறானோ.

நேரலை வசதியை எப்போதோ திறந்து வைத்திருந்தாள். தொட்டதில்லை. அதில் வெட்ட முடியாது. ஆனால் நேரலை தொடங்கினால் சேனலைப் பின்தொடர்கிறவர்கள் போனிலெல்லாம் மணி அடிக்கும். பக்கீர் முகமதின் போனிலும் அடிக்கும், அவன் அந்த மாப்பிள்ளையோடு பேசி முடிக்கிற நேரத்தில். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் ஒரு முறை எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்து அழுத்தினாள்.

திரையில் அவள் முகம் வந்தது. கேமராவை மூடக்கூட மறந்திருந்தாள்.

“வ... வணக்கம். இன்னைக்குக் காலையில நான்... ந்... ந்...” வாய் திறந்தபடி நின்றது. பார்க்கிறவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. “இது அக்காவா?” “நெட் ஸ்லோ” “ஸ்டக் ஆகுது” என்று எழுத்துகள் ஓடின. ஒருவன் சிரிக்கிற பொம்மை போட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “நெட் இல்ல. எனக்குத்தான் திக்குது. கேளுங்க. கா... காலையில சொன்ன சாஃப்ட்வேர ஓட்டாதீங்க. அது அசலை அழிக்குது. கோட்டைப்ப... ப்... ப்பட்டினம் ப... பக்கீர் முகமது. பாய், கரண்ட ஆஃப் ப... ஆஃப் செய்ங்க. மெயின் சுவிட்ச். ஒடனே.”

சொன்னதையே சொன்னாள். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் சிக்கியது. எத்தனை முறை சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வியர்வை மூக்கு நுனியில் நின்றது. “இலுப்பூர்ல எனக்கு முடிஞ்சே போச்சு, எல்லாம் போச்சு” என்று ஒருவர் எழுதினார். அதற்கடுத்து: “பக்கீர். சுவிட்ச் ஆஃப்.”

உடனே போன் அடித்தது.

“தங்கச்சி, அமத்திட்டேன். என்ன ஆச்சு? யா அல்லா, என்ன போயிருக்கும்?”

“எந்த வரிசைல ஓடுச்சு? மொதல்ல எந்த ஃபோல்டர்?”

“ரெண்டு கேமரா. ஆம்பளைங்க பக்கம் நான் எடுத்தது. பொம்பளைங்க பக்கம் ஹமீதா, என் வீட்டம்மா எடுத்தது. மொதல்ல ஓடுனது அவ ஃபோல்டர்தான்.” அவன் குரல் இறங்கியது. “நிக்காஹ்வுக்குப் பொண்ணுக்கிட்ட சம்மதம் கேட்டதெல்லாம் அதுலதான் இருக்கு. மாப்பிள்ளை நேத்தே விமானம் ஏறிட்டாரு. அதப் பாக்கத்தான் இப்பக் கேட்டாரு.”

“மெமரி கார்டு?”

“காலையில கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு, ஃபார்மேட் செஞ்சு அவளே எடுத்துட்டுப் போனா. அம்மாபட்டினத்துல ஒரு நிச்சயதார்த்தம்.”

கார்டை ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது உடனே அழிந்துவிடாது. மேலே புதிதாக எழுத எழுதத்தான் அழியும். அதை அவள் விளக்கவில்லை. “அவங்கள இனிமே படம் எடுக்க வேணாம்னு சொல்லுங்க. கேமராவ ஆஃப் செய்யச் சொல்லுங்க. ஒரு ஷாட் கூட வேணாம்.”

“போன் பையில கெடக்கும், எடுக்க மாட்டா. நான் வண்டிய எடுக்குறேன்.”

அவன் வண்டியில் போகிற நேரம் முழுக்க அவள் நேரலையிலேயே இருந்தாள். வந்தவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் திக்கித் திக்கிப் பதில் சொன்னாள். ஒரு காதில் போனை வைத்து அவன் கொடுத்துவிட்டுப் போன ஹமீதா பானுவின் எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் எடுக்கவில்லை. அங்கே ஒரு பெண் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருக்க, அவள்மேல் கேமரா ஓட ஓட, இன்னொரு பெண்ணின் கல்யாணம் அடியில் அழிந்துகொண்டிருந்தது.

கடைசியில் ஒரு பெண் குரல் மூச்சிரைக்கப் பேசியது. “கார்ட வெளிய எடுத்துட்டேன் தங்கச்சி. ஆனா அதுக்குள்ள கொஞ்சம் படம் புடிச்சிட்டேன். பொண்ணு வந்து ஒக்காந்ததுலேருந்து.”

மறுநாள் காலையில் பிரகதீஸ்வரி லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு அரிமளம் வழியாக அறந்தாங்கி போய், அங்கிருந்து பஸ் மாறி, கோட்டைப்பட்டினம் போய் இறங்கினாள். வெற்றிசெல்வன் லீவு போட்டுக் கூட வந்தான். நேரலையை அவன் பஸ் ஸ்டாண்டில் வைத்தே பார்த்திருந்தான்.

ஸ்டுடியோவில் மணப்பெண் சாமியா தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். பக்கீர் முகமது மறைக்காமல் சொல்லி வரவழைத்திருந்தான். பிரகதீஸ்வரி அவள் முன்னால் நின்று, “எ... என் வீடியோவப் பாத்துத்தான் அவர் ப... ப... செஞ்சாரு. தப்பு என் மேலதான்” என்றாள். லேப்டாப்பில் கார்டைப் போட்டு, அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேரை ஓட விட்டாள். கோடு ஊர்ந்து நகர்ந்தது. ஹமீதா பானு டீ போட்டு வைத்தாள், ஆறிப்போயிற்று. ஒரு துண்டு வந்தது, திறக்கவில்லை. இன்னொன்று, வெறும் கறுப்பு. சாமியாவின் அம்மா எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. விருந்து, மருதாணிக் கைகள், சிரிக்கிற சொந்தக்காரிகள். சம்மதம் கேட்கிற இடம் வந்தபோது படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. குரல் மட்டும் முழுதாக இருந்தது. பெண் வீட்டுப் பெரியவரும் சாட்சிகளுமாக மூன்று பேர் கேட்பதும், சாமியா சின்னக் குரலில் சம்மதம் என்று சொல்வதும் தெளிவாகக் கேட்டது. அவளை அலங்கரித்து அழைத்து வந்த முதல் பகுதி முழுக்கப் போயிருந்தது; சுருக்கிய நகலில் முகமே தெரியவில்லை. கார்டில் அதன்மேல்தான் நிச்சயதார்த்தப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

“நான் அழகா இருந்ததே அப்பத்தான்” என்றாள் சாமியா. “பெறவு அழுது மையெல்லாம் கலைஞ்சிருச்சு.” கோபமாகத்தான் சொன்னாள். போகும்போது பிரகதீஸ்வரியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் குரல் துண்டை மட்டும் மாப்பிள்ளைக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனாள்.

இலுப்பூர்க்காரருக்கு ஒன்றும் மீளவில்லை. கார்டும் இல்லை, வேறு நகலும் இல்லை. பிரகதீஸ்வரி அவர் கடைக்கும் போனாள். அவர் உட்காரச் சொல்லவில்லை. இன்றைக்கும் புது வீடியோ வந்தால் கீழே முதல் ஆளாக வந்து, “இவங்களை நம்பாதீங்க” என்று எழுதுகிறார். அவள் அதை நீக்குவதில்லை.

நேரலையைச் சிலர் வெட்டி எடுத்துக் கேலிப்படமாகச் சுற்ற விட்டார்கள். பஸ்ஸில் யாரோ போனில் அதைப் பார்த்துச் சிரித்தபோது, வெற்றிசெல்வன் போய் டிக்கெட்டைக் காட்டச் சொன்னானாம். ‘மேக் மேசை’யை விட்டுப் போனவர்களும் உண்டு. அவள் வீடியோக்களை இன்னமும் வெட்டித்தான் போடுகிறாள். திக்கிய இடத்தை விட்டு வைப்பது பெருமை என்று அவளுக்குத் தோன்றவில்லை. பத்து நிமிடத்தைப் பத்து நிமிடமாகக் கொடுப்பதுதான் அவளுக்கு வேலை. ஆனால் ஆபத்தான அப்டேட் ஏதாவது வந்தால் உடனே நேரலையில் வந்துவிடுகிறாள். அன்றைக்குப் பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சில வாரம் கழித்து அந்த சாஃப்ட்வேரை எழுதியவர் மன்னிப்புக் கேட்டுத் திருத்திய பதிப்பை வெளியிட்டார். பிரகதீஸ்வரி பழைய லேப்டாப்பைத் திறந்து அதை இறக்கிக்கொண்டிருந்தாள். டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வெற்றிசெல்வன் திரையைப் பார்த்துவிட்டு நின்றான்.

“மறுபடியும் அதேயா? ஒனக்குப் பயமே இல்லையா?”

“பயமாத்தான் இருக்கு” என்றாள். “ஆனா காசு குடுத்து வாங்கினவங்க கம்ப்யூட்டர்ல அது கெடக்குல்ல. பு... புதுசு சரியா இருக்கான்னு யாராச்சும் ஓட்டிப் பாக்கணும். நீங்க கெளம்புங்க, பஸ்ஸு போயிரும்.”

சோதனைத் துண்டுகளை எடுத்து வைத்தாள். இந்த முறை அசலுக்கு இன்னொரு நகல் தனி டிஸ்க்கில் இருந்தது. மைக்கை ஆன் செய்யாமல், ஓட விட்டுவிட்டு, கை கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.