கொசு மருந்துக்காரர் எழுதி வைத்த ஊர்

அந்தத் தாள்கட்டை அவர் இரண்டு கைகளாலும் நீட்டினார். பழுப்புத் தாள்கள், ஒரு விரற்கடைக் கனம். மேலும் கீழும் அட்டை வைத்துச் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. சைக்ளோஸ்டைலில் உருட்டி எடுத்த எழுத்துகள் சில இடங்களில் மை அப்பியும் சில இடங்களில் வெளிறியும் கிடந்தன. மேல் தாளில் கல்வராயன் மலையின் ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருந்தன. கரியாலூரில் அவர் குடியிருந்த ஒற்றை அறையின் வாசலில், மழை விட்டிருந்த ஒரு காலையில், "இத்த எடுத்துக்கினு போங்க சார், ஒங்களுக்கு ஒதவும்" என்றார். நான் கை நீட்டவில்லை.

அவர் மலேரியா இன்ஸ்பெக்டர். மலையில் யாரும் அந்தப் பெயரால் அவரை அழைத்து நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் கொசு மருந்துக்காரர்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பம்பு தூக்கிய ஆட்களோடு ஒவ்வொரு வீடாக ஏறுவார். அவர்கள் சுவரில் மருந்து அடித்து, கதவோரம் தேதி எழுதி முடிப்பதற்குள், இவர் அந்த வீட்டுக் குடும்பத் தலைவர் பெயர், வீட்டிலுள்ள ஆட்கள், காய்ச்சல் கண்டவர்கள், தண்ணீர் எடுக்கும் இடம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொள்வார். வருடக் கடைசியில் அதையெல்லாம் தொகுத்து அறிக்கையாக்கி, கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் தன் கையாலேயே உருட்டி, ஒரு பிரதியைத் தனக்கென்று வைத்துக்கொள்வார். "மேல அனுப்பறத யாரும் பிரிச்சிக்கூடப் பாக்க மாட்டாங்க சார்" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் அப்போது ஆராய்ச்சி மாணவன். மலைக் குடியிருப்புகளும் சாகுபடியும் என்பது என் தலைப்பு. மூன்று நாள் வேலை என்று மலை ஏறியவனை இடஒதுக்கீட்டுப் போராட்டம் மேலேயே நிறுத்திவிட்டது. கீழே சாலையெங்கும் புளிய மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள்; பஸ் இல்லை, தபால் இல்லை. தங்க இடம் தேடி நின்றவனுக்குத் தன் அறையில் பாதியைக் கொடுத்தவர் அவர்தான். சாமைச் சோறு பொங்கிப் போட்டார். பாயை எனக்குக் கொடுத்துவிட்டுச் சாக்கில் படுத்தார்.

ஒரு மத்தியானம் என் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் புளியம்பாறை என்ற பெயரில் விரலை வைத்தார். 'பயிர்க் காலத்தில் மட்டும் வந்து தங்குவோரின் குடிசைகள். நிரந்தரக் குடி இல்லை' என்று அச்சில் வந்த பழைய மாவட்டக் கையேடு ஒன்றிலிருந்து எழுதி வைத்திருந்தேன்.

"இன்னா சார் இது? அங்க ஜனங்க வருஷம் பூரா இருக்காங்க. இருபத்தோரு வூடு. நான் ஏறாத வூடு ஒண்ணு கெடையாது."

"கையேட்டுல அப்படித்தான் இருக்கு. அச்சுல வந்தத வச்சித்தான் நான் எழுத முடியும்."

"அச்சுல போட்டவரு அங்க போய்ப் பாத்தாரா? நாளைக்கு வாங்க, ஓடையத் தாண்டனா அரை நாள் நடதான். நேரா காட்டிடறேன்."

ஓடையில் வெள்ளம், வழியெல்லாம் அட்டை என்று சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். பிறகுதான், ஊருக்குப் புறப்பட்ட காலையில், அவர் அந்தக் கட்டை எடுத்து நீட்டினார். நூலகத்தில் இல்லாத தாளை அடிக்குறிப்பில் போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றேன். அது பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் நான் யாரையும் கேட்கவே இல்லை. பல வருடம் கழித்து என் நெறியாளரிடம் இதைச் சொன்னபோது, "கேட்டிருந்தா சேத்துக்கோன்னுதானே சொல்லியிருப்பேன்" என்றார். உண்மையான காரணம் வேறு. பள்ளி இறுதி மட்டும் படித்த ஒருவர், வீடு வீடாக மருந்து அடிக்கப் போனவர், எழுதியதை ஆராய்ச்சி என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்பதும் அதில் சேர்ந்திருந்தது. இதை எனக்கே நான் சொல்லிக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று.

வழி காட்டுவதற்காக அவர் என்னோடு இறங்கினார். அடிவாரத்தில் குறுக்கே கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்களில் என் சித்தப்பாவும் இருந்தார். அவருக்கு அன்று நல்ல உற்சாகம். "நம்ம ஜனம் எத்தினி பேருன்னு மொதல்ல கவர்மெண்டு எண்ணட்டும்டா. எண்ணிட்டு அதுக்குத் தக்கன குடுக்கட்டும். எண்ணவே மாட்டன்னா இன்னா நாயம்?" என்றார். நாயம்தான். ஏரும் கலப்பையுமாகவே தேய்ந்து போன குடும்பம் எங்களுடையது. அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. பிறகு என் பின்னால் நின்றவரைப் பார்த்து, "இவரு யாரு, எந்த ஊரு?" என்று கேட்டார்.

"திருநாவலூர் பக்கங்க."

"ஊருக்குள்ளயா?"

"காலனிங்க."

சித்தப்பா தண்ணீர்ச் செம்பை என்னிடம் மட்டும் நீட்டினார். நான் குடித்தேன். குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. "மேல ரெண்டு பேருக்கு ஜொரம் சார், மாத்திரை குடுக்கணும், நான் இப்பிடியே திரும்பறேன்" என்று அவர் கைகூப்பினார். திரும்பும்போது அவர் தோள்பையிலிருந்து அந்தக் கட்டின் அட்டை வெளியே தெரிந்தது. நான் மனம் மாறினால் கொடுக்கலாம் என்று கீழே வரை தூக்கி வந்திருக்கிறார். எங்கள் ஆட்களை எண்ணச் சொல்லி மரம் வெட்டிப் போட்ட இடத்தில், மலை ஜனங்களை எண்ணி எழுதியிருந்த ஒரே தாள் மறுபடி மலை ஏறிப் போயிற்று.

ஆய்வு முடிந்து, பட்டம் கிடைத்து, புத்தகமும் வந்தது. புளியம்பாறையைப் பற்றிய அந்த ஒன்றரை வரி அதில் அப்படியே இருந்தது. அதைப் படித்தவர்கள் குறைவு. ஆனால் சமவெளி நிலக்காரர் ஒருவரின் வழக்கறிஞர் படித்திருந்தார். புளியம்பாறை நிலம் தன்னுடையது, அங்கிருப்பவர்கள் தன்னிடம் கூலிக்கு வந்து பிறகு ஒட்டிக்கொண்டவர்கள் என்று அந்த நிலக்காரர் கள்ளக்குறிச்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார். ஆதாரங்களில் ஒன்று என் புத்தகம். என்னிடம் படித்த ஒரு மாணவி சொல்லித்தான் எனக்கு அது தெரிந்தது. பணி ஓய்வு பெற்ற அடுத்த மாதம் நான் நீதிமன்றத்துக்குப் போனேன்.

வளாகத்து வேப்ப மரத்தடியில் புளியம்பாறைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணிதான் பேசினார். நான் யார் என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானா அது? எங்க மாமனாரு பொறந்ததே அந்த வூட்லதாங்க. கொசு மருந்துக்காரரு வந்து எல்லாரு பேரும் எழுதிக்கினு போவாரே. நான் கல்யாணம் ஆயி வந்த வருஷம் எம் பேரக்கூட கேட்டு எழுதனாருங்க. அந்தத் தாளெல்லாம் எங்க போச்சி?"

அந்தக் கேள்வியோடு அலைந்தேன். கள்ளக்குறிச்சி மலேரியா அலுவலகம் கட்டடம் மாறியபோது பழந்தாள்களைக் கழித்துவிட்டார்களாம். திருநாவலூருக்குப் போனேன். கொசு மருந்துக்காரர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. பள்ளி ஆசிரியையாக இருந்த அவர் மகள் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். "யாராவது ஆராய்ச்சி பண்றவங்க தேடிக்கினு வருவாங்கன்னு அப்பா சொல்லிக்கினே இருப்பாருங்க. ரிட்டயர் ஆனப்புறம் ரெண்டு தரம் காலேஜிக்கெல்லாம் தூக்கிக்கினு போனாரு. புயல் வந்தப்போ ஓடு பிரிஞ்சி மழ உள்ள எறங்கிடிச்சி." தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகி, பிறகு காய்ந்து செங்கல் போல இருந்தன. ஒரு வருடத்து அறிக்கை மட்டும் பாதி பிரிந்து வந்தது. அதில் புளியம்பாறை இருந்தது: ஒன்றிலிருந்து ஒன்பது வரை வீடுகள், தலைவர் பெயர், ஆட்கள், தண்ணீர் எடுக்கும் பாறைச் சுனை. அதற்கு அடுத்த தாள் இல்லை.

சாட்சிக் கூண்டில் ஏறி, என் புத்தகத்தில் இருப்பது தவறு என்று சொன்னேன். "நேர்ல போய்ப் பாத்து எழுதினீங்களா?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப பாக்காம எழுதினீங்க, இப்பவும் பாக்காம மாத்திச் சொல்றீங்க." தகரப் பெட்டியிலிருந்து கிடைத்த பாதி அறிக்கையை எடுத்து நீட்டினேன். தாளில் பெயர் இருந்த ஒன்பது குடும்பங்களின் நிலத்தை அந்த நிலக்காரர் விட்டுக்கொடுத்தார். மற்றப் பன்னிரண்டு குடும்பங்களுக்குக் காட்ட ஒன்றும் இல்லை; தீர்ப்பு அவர்களுக்கு எதிராகப் போயிற்று. சுவரில் எழுதிய தேதிகள் சுண்ணாம்புக்கு அடியில் எப்போதோ போய்விட்டன.

நூலகத் துறையினர் இப்போது இந்த மாதிரித் தாள்களுக்குச் சாம்பல் இலக்கியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பதிப்பகம் காணாத, விலை போடாத அறிக்கைகள், கணக்கெடுப்புகள், மனுக்கள், சுற்றறிக்கைகள். என்னைப் பார்க்க வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்த ஊரில் வேலை பார்த்தவர் யார், அவர் என்ன எழுதி வைத்தார், அது இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்பதைத்தான். தவறு இருந்தால் சோதித்துக் கண்டுபிடியுங்கள், ஆனால் கை நீட்டி வாங்குங்கள் என்கிறேன். சிலர் போய்க் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கிறது; கூடவே ஏதோ ஒன்று உள்ளே அறுக்கிறது.

தீர்ப்புக்குப் பிறகு ஒருநாள் அந்தப் பெண்மணியைக் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் பார்த்தேன். அவருடையது பன்னிரண்டாம் வீடு. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம், அங்கேயே போய்விடுவதாகச் சொன்னார். காலடியில் இரண்டு மூட்டை. மன்னிப்புக் கேட்கலாம் என்று தொடங்கினேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"காயிதம் வச்சிருக்கீங்களா? எழுதிக்கங்க. இப்பவாச்சும் எழுதிக்கங்க."

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். பத்தாம் வீட்டிலிருந்து தொடங்கினார். தலைவர் பெயர், அவர் அப்பா பெயர், பிள்ளைகள், வாசலில் எந்த மரம், எந்தப் பக்கம் மாட்டுக் கொட்டாய். விரல் மடக்கி, கண்ணை மூடி, ஊருக்குள் நடந்து போவது போலச் சொன்னார். நான் நின்றபடியே எழுதினேன். பதினேழாம் வீட்டை முடித்தபோது சேலம் பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் அவசரப்படுத்தினார். மூட்டைகளை ஏற்றிக் கொடுத்தேன். ஜன்னலில் தலை நீட்டி இன்னும் ஏதோ பெயர் சொன்னார், இஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

நாலு வீடு பாக்கி இருக்கிறது. அடுத்த வாரம் திருப்பூர் போகிறேன்.