ராகு காலத்தில் ஓர் ஆட்சேபம்

டெக்சாஸில் எங்கள் ஊர்ப் பள்ளி வாரியக் கூட்டத்துக்கு நம்மூர்க்காரர் ஒருவர் நெற்றி நிறையத் திருநீறோடு வந்திருந்தார். வகுப்பறைச் சுவரில் பைபிளின் பத்துக் கட்டளைகளை மாட்டக்கூடாது என்று பேசத்தான். எழுதிய தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"கவர்மென்ட் வேற, சாமி வேற சார். என் பொண்ணு கிளாஸ்ல எதுக்கு இது?" என்று என்னிடம் பொரிந்தார்.

பேச அழைத்தார்கள். எழுந்தவர் கைபேசிப் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"ராகு காலம் சார். டெக்சாஸ்ல சூரியன் லேட்டா மறையுறதால ஆறே முக்கால் வரைக்கும் இருக்கு. நெக்ஸ்ட் ஆளு பேசட்டும்."

ஆறரைக்கே பேச்சை நிறுத்தி வாக்கெடுத்தார்கள். கட்டளைகள் ஜெயித்தன.

"பாத்தீங்களா? கெட்ட நேரத்துல ஓட்டுப் போட்டா இப்படித்தான்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் எங்கள் ஆட்களில் பேசுவதற்கென்று வந்தவர் அவர் ஒருவர்தான். நான் வேடிக்கை பார்க்கப் போனவன்.