திருமழபாடிக்கு மேல் இப்போது விமானம் வருவதில்லை

திருச்சியிலிருந்து சென்னை கிளம்பும் விமானங்களின் பாதை மாறிவிட்டது என்று எங்கள் விமான ரசிகர் குழுவில் பேச்சு. சரி, கீழே நின்று பார்த்துவிடலாம் என்று போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்தேன். (உருப்படியான வேலை எதுவும் இல்லையா என்று வீட்டில் கேட்டார்கள். இல்லை.)

பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர். சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் புழுதி தின்றுகொண்டே போகவேண்டும். அங்கிருந்து திருமழபாடி இன்னொரு இருபத்தெட்டு. முன்பு விமானங்கள் இந்த ஊர்ப் பக்கம்தான் திரும்பும். தரையிலுள்ள ரேடியோ நிலையத்தை வைத்துத் திரும்புவதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இப்போது செயற்கைக்கோள் காட்டும் புள்ளிகள். எல்லாமே ஒரே தடத்தில் கீழப்பழுவூர்ப் பக்கமாகப் போகின்றன.

திருமழபாடி டீக்கடையில் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மாடியிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தார். பெயர் செல்வி. கூடவே சின்ன மகள், கையில் சிவப்புத் துண்டு.

"பிளேன் படம் எடுக்கவா சார் வந்தீங்க? இன்னும் முக்கா மணியில வர்றதுலதான் எங்க வூட்டுக்காரரு போறாருங்க. சென்னை போயி, அங்கேருந்து குவைத். எப்பவும் இந்த மாடியிலதான் நிப்போம். அவரும் ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கிடுவாரு."

குடும்பத்தோடு ஏர்போர்ட் போய்வர முடியாதவர்கள் வழியனுப்புவது இப்படித்தானாம். அவர் திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும். பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மனசு கேட்கவில்லை, பாதை மாறியதைச் சொல்லிவிட்டேன்.

"அங்க போனா தெரியுமாங்க?" என்றார், அவ்வளவுதான். கணவருக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. மகளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். பதினைந்து கிலோமீட்டரும் நான்தான் அவர் பின்னால் போனேன்.

கீழப்பழுவூர் தாண்டி ஒரு சோளக்கொல்லை ஓரம் நின்றோம். விமானம் நேர் உச்சியில் வந்தது. மகள் துண்டை வீசினாள். செல்வி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார், சத்தம் அடங்கிய பிறகும். தலைக்கு நேர் மேலே போகும் விமானத்தின் ஜன்னலிலிருந்து கீழே நிற்பவர்கள் தெரியமாட்டார்கள். அதை நான் சொல்லவில்லை. அவர்கள் கையாட்டுவதைப் படம் எடுத்து, செல்வியின் நம்பருக்கு அனுப்பினேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்குள் போனால் வானம் தெளிவாக இருக்கும். விமானம் எங்கே வருகிறது என்று காட்டும் செயலி போனில் இருக்கட்டும். பெட்ரோல் இருநூற்றைம்பது ரூபாய் ஆனது. கொல்லைப் பக்கம் கடை கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள்.

மறுநாள் செல்வியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "அவரு பேசுனாருங்க சார். மாடியில நீயும் பாப்பாவும் நின்னீங்க, பாப்பா துண்டு வீசுனா, எல்லாம் பாத்தேன்னாரு. நானும் ஆமாங்கன்னுட்டேன். அந்த சோளக்கொல்லை படத்த மட்டும் அவருக்கு அனுப்பலைங்க."