மாணிக்கவேல் படித்த முந்தானை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் புத்தகச் செய்தி வேண்டுமென்றால் மாணிக்கவேலைத்தான் கேட்க வேண்டும். எந்தத் தேசத்து நூலகத்திலிருந்து இரவல் போன புத்தகம் எழுபது வருஷம் கழித்துத் திரும்பி வந்தது, எந்த நாவலைக் கணினி எழுதியது, எவருக்குக் கிடைக்க வேண்டிய விருதை எவர் தட்டிக்கொண்டு போனார், எல்லாம் விடிந்ததும் அவருடைய வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிடும். பட்டுக்கடையில் காலமெல்லாம் சேலை விரித்துக் காட்டியவர், ஓய்வுபெற்ற பிறகு இலக்கியத்தை விரித்துக்கொண்டிருந்தார். படிப்பாரா என்று மட்டும் கேட்கக்கூடாது.

படிக்க அவருக்கென்று ஒரு முறை உண்டு. சேலையில் கரையையும் முந்தானையையும் பார்த்தால் போதும். உடல் முழுக்க ஒரே புட்டாப் பூவேலைதான் திரும்பத் திரும்ப வரும், அதை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? அதே கண்ணோடு புத்தகத்தின் அட்டையைப் பார்ப்பார், கடைசிச் சில பக்கங்களைப் படிப்பார். இந்த வித்தையிலேயே மேடை மேடையாக ஏறி, பீரோ நிறையப் பொன்னாடை சேர்த்துவிட்டார்.

ஜரிகைக் கடை ஷரீஃப் பாயின் மகள் ஷிஃபா முதல் நாவல் எழுதினாள். அச்சகத்திலிருந்து வந்த முதல் பிரதியை நேராக இவரிடம் கொண்டுவந்தாள்.

"காலேஜ்ல ஆரம்பிச்சது அங்கிள், இப்பதான் முடிச்சேன். முழுசா படிச்சிட்டு, நல்லா இல்லன்னாலும் மேடையில சொல்லிடுங்க."

"என்னாமா இப்படிச் சொல்லிட்ட, எழுத்தெழுத்தா படிக்கிறேன்" என்றார்.

வெளியீட்டு விழாவில் மண்டபம் நிரம்பியிருந்தது. மாணிக்கவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "கடைசியில அந்த அர்ஜுனன் கெணத்துல குதிக்கிறான் பாருங்க, படிச்சிக்கினே இருந்தவன் அப்படியே அழுதுட்டேன்பா!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அடுத்துப் பேசிய பேராசிரியர் லோகேஸ்வரன், அர்ஜுனன் குதித்தது கிணற்றில் அல்ல, சமூகத்தின் மனசாட்சியில் என்றார். அந்த மனிதர் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை.

ஷிஃபா முகம் வெளுத்து எழுந்தாள். மாணிக்கவேலின் கையிலிருந்த பிரதியை வாங்கிப் புரட்டினாள்.

"அங்கிள், என் கதையில அர்ஜுனனே கிடையாது. நாலு அக்கா தங்கச்சிங்க, அவ்ளோதான். பைண்டிங்ல மிஸ்டேக் ஆயிருக்குது. கடைசியில வேற யாரோ புக்கோட பக்கத்த சேத்துத் தெச்சிட்டாங்க. நடுவுல ஒரு பக்கம் படிச்சிருந்தாகூட தெரிஞ்சிருக்குமே?"

மண்டபமே மாணிக்கவேலைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் மாணிக்கவேல் சாயம் போன சேலையையே சிரித்துக்கொண்டு விற்றவர். "இல்லாதவனுக்காக அழ வெக்கிறதுதானேமா இலக்கியம்!" என்றார். அதற்கும் கைதட்டினார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

ஷிஃபா தட்டவில்லை. தன் நாவலை முழுசாகப் படித்த ஆள் ஒருவர் இருந்தால் போதும் என்றுதான் அவள் வந்திருந்தாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்தபோது, மாணிக்கவேலுக்கு முதல்முறையாகப் பொன்னாடை கழுத்தில் உறுத்தியது.

மறுநாள் காலை, குழுவில் அவரை முந்திக்கொண்டு யாரோ புத்தகச் செய்தி போட்டிருந்தார்கள். காஞ்சிபுரத்தில், நாவலில் இல்லாத ஒருவனுக்காக அழுத விமர்சகரைப் பற்றியது. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். மாணிக்கவேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலைப்பிலிருந்து கடைசி வரி வரை, நடுவில் ஒரு வார்த்தை விடாமல் படித்தார்.