சிவப்பு வண்டியைக் குளிருக்குப் படுக்க வைத்த நாள்

போக்னாவுக்குக் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டுகிற வேலை. செய்னி என்கிற எங்கள் சின்ன ஊரைச் சுற்றியுள்ள சாலைகளில் பனியைத் தள்ளி, உப்பும் மணலும் தூவிக்கொண்டு போகிற லாரியை அவளும் நானும் மாறி மாறி ஓட்டுகிறோம். பனி இல்லாத மாதங்களில் அவள் ஓட்டுவது வேறு வண்டி. தரையோடு தரையாகக் கிடக்கும், இரண்டே பேர் உட்காரக்கூடிய, சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அவள் புருஷன் ஒல்கெர்த் வடகடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் இருக்கிறவன். ஜெர்மனியிலிருந்து அதைப் பழைய வண்டியாக வாங்கி வந்தான். வாங்கியது அவன், ஓட்டுவது அவள். சந்தையில் அதை நிறுத்தினால் யாராவது கேட்பார்கள்: "என்ன போக்னா, லாரி இளைச்சுப் போச்சா?"

அவளுடைய மாமனார் லோங்கினுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி இறந்துபோனபின் அதே வீட்டில் கீழ்த்தளத்தில் இருந்தார். கூரை ஒழுகுகிற வீட்டுக்குப் பொம்மை வண்டி எதற்கு என்று வருகிற விருந்தாளியிடமெல்லாம் சொல்வார். ஆனால் குளிருக்கு முன் அதைக் கழுவித் துடைத்து ஷெட்டில் படுக்க வைக்கிற வேலையை மட்டும் இன்னொருவர் கையில் விடமாட்டார். மற்றவர்கள் செய்தால் அரைகுறையாகத்தான் செய்வார்கள் என்பது அவர் எண்ணம். அது உண்மையும்கூட.

உப்பு பட்டால் அந்த வண்டியின் அடித்தகடு அரித்துப் போய்விடும். அதனால் நாங்கள் முதல் லோடு உப்பை ஏற்றுவதற்குள் அது உள்ளே போயாக வேண்டும். அந்த வருஷம் பனி முந்திக்கொண்டது. நவம்பர் தொடக்கத்திலேயே, இன்று மாலை பனிக்காற்று வரும் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் விடியலில் போக்னாவுக்கு டியூட்டி. ஆகவே எல்லாம் அன்றே முடிய வேண்டும்.

காலையிலிருந்து மாமனாரும் மருமகளும் முற்றத்தில் இருந்தார்கள். அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, மெழுகு பூசினார்கள். டாங்கை நிரப்பி, ஆறு மாதம் பெட்ரோல் கெடாமலிருக்க மருந்து ஊற்றினார்கள். மத்தியானத்துக்கு மேல் வண்டியை ஷெட்டுக்குள் விட்டார்கள். இனி என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். அப்போதுதான் மருந்து உள்ளே பரவும், பழைய ஆயிலும் இளகி முழுதாக வடியும்.

அதற்குள் காற்று கிளம்பிவிட்டது. ஈரப்பனி நேராக ஷெட்டுக்குள் அடித்தது. லோங்கின் மரக்கதவு இரண்டையும் இழுத்துச் சாத்தினார்.

"கதவைத் திறந்து வைங்க மாமா. புகை உள்ளேயே நிக்கும்."

"கண்ணு தெரியலையா உனக்கு? சைலன்சர்ல தகரக் குழாய் மாட்டி, சுவத்து ஓட்டை வழியா வெளிய விட்டிருக்கேன். பத்து வருஷமா இப்படித்தான் பண்றேன்."

"குழாய் கழண்டுட்டா?"

"காலையிலேர்ந்து துடைச்ச வண்டி. பனி உள்ள வந்தா திரும்ப நனையும். ஊரெல்லாம் உப்பு கொட்டி வண்டிகளைத் துருப்பிடிக்க வைக்கறவளுக்கு ஈரத்தைப் பத்தி என்ன கவலை?"

அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரிக்க அவளால் முடியவில்லை. "அந்த உப்பு இல்லேன்னா போன வருஷம் உங்களை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டு போயிருப்பாங்களாம்? நீங்களும் உங்க வண்டியும்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த துணியை வாளியில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போனாள். கதவு காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டதால் அவர் உள்ளே தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டார்.

அவள் சமையலறையில் உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தபோது கடலிலிருந்து ஒல்கெர்த் கூப்பிட்டான்.

"வண்டியைப் படுக்க வச்சாச்சா?"

"உங்கப்பாவையே கேளு."

"கேக்கலாம்னுதான் அவருக்குப் போன் போட்டேன். எடுக்க மாட்டேங்கறாரு. மறுபடி சண்டையா?"

"பேச மனசிருந்தா எடுப்பாரு. எனக்கு அடுப்புல வேலை கெடக்கு" என்று வைத்துவிட்டாள்.

கிழங்கைப் பிழிந்து, கறியை உள்ளே வைத்துக் கொழுக்கட்டையாக உருட்டிக்கொண்டே இருந்தவளுக்குக் கை நின்றது. காற்றின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. என்ஜின். அது எப்போதோ நின்றிருக்க வேண்டும். சூடானதும் அணைத்துவிட்டு ஆயிலை இறக்குவதுதான் வழக்கம். என்ஜினை வீணாக ஓடவிடுகிற மனுஷர் இல்லை லோங்கின்.

மாவுக்கையோடு ஓடினாள். கதவைத் தட்டினாள். "மாமா. மாமா, கதவைத் திறங்க." பதில் இல்லை. கதவிடுக்கில் மூக்கை வைத்ததும் எரிச்சலாக வாடை வந்தது. தோளால் முட்டினாள். லோங்கினே செய்த கதவு, அசையவில்லை.

போன் மறுபடி அடித்தது. அவள் எடுத்து, "உங்கப்பா உள்ள இருக்காரு, வண்டி ஓடுது, பதில் இல்ல" என்று சொல்லிவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டுப் பாக்கெட்டில் வைத்தாள். பாக்கெட்டிலிருந்து ஒல்கெர்த்தின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "பக்கத்துல யாராவது இருக்காங்களா? போக்னா, யாராவது இருக்காங்களா?" யாரும் இல்லை. மேட்டில் அது ஒற்றை வீடு.

முற்றத்தில் அவளுடைய பழைய குளிர்கால வண்டி நின்றது. அதில் எப்போதும் கட்டி இழுக்கிற பட்டை கிடக்கும். ஒரு முனையைக் கதவின் கைப்பிடியில் மாட்டி, மறுமுனையை வண்டியில் கோத்து, முன்னால் எடுத்தாள். கைப்பிடி பிடுங்கிக்கொண்டு வந்தது. கதவு அப்படியே இருந்தது. இறங்கி ஓடி வந்தாள். கதவுக்கடியில் ஒரு பலகை கொஞ்சம் உளுத்திருந்தது. அதை உதைத்து உடைத்து, பட்டையை உள்ளே விட்டுக் குறுக்குச் சட்டத்தைச் சுற்றி இழுத்துக் கட்டினாள். விரல் மரத்துப்போய் முடிச்சு விழவில்லை. பல்லால் இழுத்தாள். மறுபடி வண்டியை எடுத்தபோது சக்கரம் பனியில் வழுக்கியது, பிறகு பிடித்தது. ஒரு பக்கக் கதவு கீல் முறிந்து முற்றத்தில் விழுந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்து சாவியைத் திருப்பினாள். என்ஜின் அடங்கியது. தகரக் குழாய் சைலன்சரிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. லோங்கின் முக்காலி பக்கத்தில் குப்புற விழுந்திருந்தார். கனத்த உடம்பு. ஓவர்கோட்டைப் பற்றி இழுத்தாள். பாதி வழியில் மூச்சு முட்டியது. அவரை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடி, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு திரும்பப் போனாள். இரண்டாம் முறை இழுத்துப் பனியில் கொண்டுவந்து போட்டாள். முகம் செக்கச் செவேலென்று இருந்தது. மூச்சு இருந்தது, விட்டு விட்டு.

"இருக்காரு" என்று பாக்கெட்டைப் பார்த்துச் சொன்னாள். "ஒல்கெர்த், நீ வை. நான் ஆம்புலன்ஸுக்குப் பேசணும்."

அவன் வைக்க மறுத்தான். அவள்தான் துண்டித்தாள்.

ஆம்புலன்ஸ் கிளம்பியது. ஆனால் மேட்டின் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. புதுப்பனிக்கடியில் ரோடு கண்ணாடியாக இருந்தது. டிரைவர் அவளைக் கூப்பிட்டு, ஏற முடியவில்லை, ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிறோம் என்றார். ஏறி இறங்க எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் டிப்போவில் என் போன் அடித்தது.

"ரைமுண்ட் அண்ணே, லாரியில உப்பு ஏத்திட்டீங்களா?"

"பாதி ஏத்தியிருக்கு. ஏன், உன் டியூட்டி நாளைக்குத்தானே?"

"பாதியோடயே வாங்க. எங்க மேட்டுக்கு. ஆம்புலன்ஸ் கீழ நிக்குது."

அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏற்றிக்கொண்டிருந்தவனை விலகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அடிவாரத்தில் ஆம்புலன்ஸைத் தாண்டி முன்னால் போய், லாரியின் முன்னால் இருக்கும் அலகை இறக்கிப் பனியைத் தள்ளி, உப்பையும் மணலையும் கையிருப்பெல்லாம் கொட்டிக்கொண்டே ஏறினேன். பின்னாலேயே அவர்கள் ஏறி வந்தார்கள். மேலே போனபோது அவள் ஸ்வெட்டரோடு பனியில் உட்கார்ந்திருந்தாள். தன் கோட்டைக் கழற்றிக் கிழவருக்குப் போர்த்தியிருந்தாள். அவர் காதருகில் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் தெரியுமா? திட்டிக்கொண்டிருந்தாள். "பத்து வருஷமா இப்படித்தான் பண்றேன்னீங்களே, எந்திரிங்க, எந்திரிச்சு இன்னும் பத்து வருஷம் பண்ணுங்க."

ஆக்ஸிஜன் மாட்டிக்கொண்டு போனார்கள். அவளுக்கும் தலை சுற்றியது, வாந்தி எடுத்தாள், அவளையும் ஏற்றிக்கொண்டார்கள். இரண்டு நாள் லோங்கின் என்ன ஆவார் என்று டாக்டர்கள் வாயைத் திறக்கவில்லை. எண்ணெய் மேடையில் ஹெலிகாப்டர் இறங்க முடியாத காற்று. ஒல்கெர்த்தால் கிளம்ப முடியவில்லை. மணிக்கொரு தரம் என்னைக் கூப்பிடுவான். மனைவியிடம் கேட்கப் பயம்.

மூன்றாம் நாள் லோங்கின் கண் விழித்தார். அந்த மத்தியானம் அவர் நினைவில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்து முதலில் கேட்டது, "ஆயில் மாத்தினியா?"

"இல்ல."

"அப்ப இங்க என்ன பண்ற?"

அவள் வராந்தாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னிடம் ஒன்று கேட்டாள். ஒல்கெர்த்தின் அந்த முதல் போனை வைத்தபோதே அவர் விழுந்து கிடந்திருப்பாரோ என்று. எனக்குத் தெரியவில்லை என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

அவர் வீடு திரும்பியபின் கை நடுக்கம் நிற்கவில்லை. ஆகவே மிச்ச வேலையைப் போக்னா செய்தாள். பழைய ஆயிலைச் சூடாக்காமலே வடித்தாள், பாட்டரியைக் கழற்றினாள், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாள், எலி நுழையாதபடி சைலன்சரை அடைத்தாள். அவர் நாற்காலியில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, ஒரு பக்கக் கதவு போன வாசலில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு வந்த ஒல்கெர்த், காரை விற்றுவிடலாம் என்றான். போக்னா சரி என்றாள். மிச்ச வேலையை முடித்தபின் அவள் அந்த ஷெட்டுப் பக்கமே போகவில்லை. மறுத்தவர் லோங்கின்தான்.

"என்னைக் கொல்லப் பாத்தது நான் விட்ட குழாய். வண்டி என்ன பண்ணுச்சு? அவ ஓட்டட்டும்."

ஏப்ரல் மழை உப்பையெல்லாம் கழுவிக்கொண்டு போனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். வண்டியை உள்ளே வைத்துக் கிளப்ப போக்னா சம்மதிக்கவில்லை. லீவில் வந்திருந்த ஒல்கெர்த்தும் அவளும் நானும் அதை முற்றத்தின் நடுவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். அவள் ஏறி உட்கார்ந்து, சாவியில் கையை வைத்துவிட்டு, திருப்பாமல் ஷெட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒல்கெர்த் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவன் கையைப் பிடித்தேன். பிறகு அவளே திருப்பினாள். இருமி இருமிக் கடைசியில் பிடித்தது.

சமையலறை ஜன்னலில் நின்றிருந்த லோங்கின், "வெளிய கொண்டு போம்மா, புகை உள்ள வருது" என்றார். அவள் கியரைப் போட்டு மேட்டிலிருந்து மெதுவாக இறங்கினாள்.