டீச்சரின் தேதி போட்ட நோட்டு

என் தம்பி பெண்டாட்டியை நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அவள் பள்ளிக்கூட வேலையை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் விடவில்லை. பெற்ற மகளைப் பள்ளிக்கூட வாசலையே மிதிக்க விடாத ஒருத்திக்கு டீச்சர் என்று பேர் இருப்பது வேடிக்கைதான். அதைச் சொல்லி அவளைச் சீண்டாத நாளே கிடையாது. இப்போதெல்லாம் சீண்டுவதில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையும் ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்து நீட்டுவது எனக்குப் பிடிக்காது. கிட்டத்தட்ட ஒரு வருஷமாகக் குழந்தையின் இரண்டு கண்ணும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தன. வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பார்த்ததையெல்லாம் அவளுடைய கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொண்டோம்.

கீழ் வீட்டில் நான், மேலே தம்பி குடும்பம். தம்பி பஸ் பணிமனையில் எலக்ட்ரீஷியன். கேட்டதற்கு "ம்" என்பான், அதிகம் போனால் "ம்ம்" என்பான். நான் ஒரு டிரை கிளீனிங் கடையில் கவுண்டர் பார்க்கிறேன். டீச்சர் ஒன்பது வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள். ஒரு நாள் ஒரு சின்னப் பெண்ணை எழுப்பி நிற்கவைத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் எழுந்தது, வாயைத் திறந்தது, நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. வகுப்பே சிரித்தது. அன்று சாயங்காலமே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம்.

"அது பாடத்துக்குப் பயப்படலக்கா. என்னைப் பார்த்துப் பயந்துது" என்றாள். "என் குழந்தைகிட்ட இப்படி ஒரு கேள்வி நான் கேக்கவே மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான், அப்படி ஒரு பிடிவாதக்காரி. மகள் பிறந்தாள், பேச ஆரம்பித்தாள், பிறகு நிறுத்தவேயில்லை. அதனால் அவளுக்கு வாயாடி என்று பேர் வைத்தேன். ஆறு வயதானபோது டீச்சர், வீட்டிலேயே படிக்கவைக்கிறோம் என்று வருஷத்துக்கு ஒரு படிவம் நிரப்பி அனுப்பிவிட்டு மகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். வீட்டில் கரும்பலகை கிடையாது, கால அட்டவணை கிடையாது, எழுது, படி என்று அதட்டல் கிடையாது. குழந்தை கேட்பதற்குப் பதில் உண்டு. குழந்தையிடம் கேள்வி கேட்பது கிடையாது. எழுத்து அவளுக்கு எப்போது வேண்டுமோ அப்போது வரும் என்பாள்.

காலையில் இரண்டு மூன்று கதைப் புத்தகங்களை வாய்விட்டு வாசிப்பாள். குழந்தை மடியில் சாய்ந்து கேட்கும். பிறகு அடுப்படியில் மாவை அளப்பது, தண்ணீரை அளப்பது. பதினொரு மணிக்கு அம்மா கொண்டுவந்து விட, வாயாடி என் கடைக்கு வருவாள். கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, துணிகளின் பையைத் துழாவி, மறந்துபோன கைக்குட்டை, சாவி, பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் எடுத்து வைப்பாள். ராத்திரி படுக்குமுன் டீச்சர் அன்றைக்குக் குழந்தை கற்றதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுவாள். அப்படிப்பட்ட நோட்டுகள் நாலு சேர்ந்திருந்தன.

ஒரு நாள் வாயாடி என்னிடம், எந்தத் துணி யாருடையது என்று சீட்டைப் பார்க்காமலே சொன்னாள். முகர்ந்து பார்த்தே சொன்னாள். பேக்கரிக்காரர் சட்டை, பெயிண்டர் கால்சட்டை, நர்ஸ் அம்மா கோட்டு, ஒன்றுகூடத் தப்பவில்லை. வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் நான் பீற்றிக்கொண்டேன். டீச்சர் அன்று நோட்டில் எழுதினாள்: "மார்ச் 4. வாசனையை வைத்துப் பொருள்களைப் பிரிக்கிறாள். நுட்பமான கவனம்."

மே மாதம், டப்பாவில் இருந்த உதிரிப் பட்டன்களைத் தடவியே ரகம் பிரித்தாள். அதையும் டீச்சர் எழுதினாள். ஆகஸ்டில் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை விடாமல் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். "யாரும் சொல்லித்தராமல் பதினாலு வரை எண்ணுகிறாள்" என்று எழுதினாள். அக்டோபரில், பட்டப்பகலில், ஜன்னல் திறந்திருக்கும்போது, "அம்மா, லைட்டைப் போடேன்" என்றாள். "ஒளி, நிழல் பற்றி ஆர்வம் வந்திருக்கிறது" என்று எழுதினாள். அந்த வரியை நான் என் கண்ணாலேயே வாசித்தேன். எனக்கும் அது நல்ல விஷயமாகத்தான் பட்டது. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

எனக்குச் சந்தேகமே வரவில்லை என்று சொல்ல முடியாது. ஏழு வயது தாண்டியும் ஓர் எழுத்தும் படிக்காதது எனக்கு உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி டம்ளரோடு மாடி ஏறிப் போய்ச் சண்டையே போட்டேன்.

"நீ ஊரான் பிள்ளைக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் குடுத்தவ. உன் பிள்ளை மட்டும் தற்குறியா இருக்கணுமா?"

டீச்சருக்குக் கோபம் வரவில்லை. வாயாடிதான் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தை, கேளு" என்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தாள். ஏற்ற இறக்கத்தோடு, பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பி, நரி பேசும்போது நரிக் குரலில். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினேன். தம்பி "ம்" என்றான், பெருமையாக. கேட்டுக் கேட்டு மனப்பாடமான புத்தகம் அது என்று டீச்சருக்குத் தெரியும். மனப்பாடம்தான் படிப்பின் முதல் படி என்று நினைத்திருக்கிறாள். புத்தகத்தில் இருந்த எழுத்துகள் அவள் மகளுக்கு வெறும் சாம்பல் நிறக் கறைகளாக இருந்தன என்பது அவளுக்கும் தெரியாது.

ஜனவரியில் ஒரு நாள், வழக்கம்போல ஒரு மணிக்கு டீச்சர் மகளைக் கூட்டிப்போகக் கடைக்கு வந்தாள். நான் உள்ளே இஸ்திரி மேசைப் பக்கம் இருந்தேன். டீச்சருக்குத் தொண்டை கட்டியிருந்தது. பேசாமல் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு பலகைதான், கையை நீட்டினால் தொடலாம். வாயாடி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"வாங்க. சீட்டு வச்சிருக்கீங்களா?" என்றாள், என் குரலிலேயே.

விளையாடுகிறாள் என்று நான் சிரித்தேன். டீச்சரும் சிரித்தாள், அந்தக் கட்டிய தொண்டையோடு. வாயாடியின் முகம் மாறியது.

"அம்மாவா? ஏன் பேசாம நிக்கிற?"

நான் டீச்சரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மகளின் முகத்துக்கு நேரே கையைத் தூக்கி, மெதுவாக இடமும் வலமும் ஆட்டினாள். குழந்தை அம்மா பதில் சொல்வாள் என்று காத்துக்கொண்டிருந்தாள். அன்று கடையைப் பாதியில் பூட்டிவிட்டு நானும் கூடவே கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே சுவரில் எழுத்து அட்டை மாட்டிய அறை ஒன்று உண்டு. கதவுக்குப் பதில் ஒரு திரைதான். அன்று அவசரம் என்று எங்களை உடனே உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அட்டையின் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஓர் எழுத்து. பரிசோதிக்கும் பெண் குச்சியால் அதைத் தொட்டு, "என்ன தெரியுதும்மா?" என்றாள்.

"ஏதோ கறுப்பா இருக்கு" என்றாள் வாயாடி. எழுத்துகளின் பெயரே அவளுக்கு அப்போது தெரியாது. வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான், இரண்டே நாளில், டீச்சர் அவள் விரலைப் பிடித்து மணலில் எழுதிச் சொல்லிக்கொடுத்தாள். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்கு வந்துவிட்டது. அப்படி ஒரு மூளை.

டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. கண்ணுக்குள் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். "எப்போலேர்ந்து இப்படி?" என்று கேட்டார். டீச்சர் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். குழந்தையைப் பற்றி யார் எது கேட்டாலும் காட்டுவதற்காக எங்கே போனாலும் கூடவே கொண்டுபோவாள். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். படியெண்ணியது, லைட் போடச் சொன்னது, படம் வேண்டாம் கதை போதும் என்றது.

"எல்லாம் கரெக்டா எழுதி வச்சிருக்கீங்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. "கண்ணுக்குள்ள வீக்கம். வலிக்காது, சிவக்காது, குழந்தைங்களுக்குச் சொல்லவும் தெரியாது. மார்ச் மாசமே வந்திருந்தா சொட்டு மருந்தோட போயிருக்கலாம்."

"இப்ப?"

"மணிக்கு ஒரு தரம் சொட்டு விடுங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வாங்க. பார்வை ஏறுதான்னு பார்ப்போம். ஏறினா நல்லது. ஏறலைன்னா வேற மருந்துக்குப் போகணும். அதுக்கு நாள் கடத்தக் கூடாது. உள்ள தழும்பு விழுந்த இடம் திரும்ப வராது."

வெளியே வந்து டீச்சர் நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றாள். "ஒம்பது வருஷத்துல என் கிளாஸ்லேர்ந்து ஆறு பிள்ளைங்களைக் கண் டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கேன்க்கா. போர்டைப் பார்த்துத் தப்பா எழுதுவாங்க, ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சுடுவேன். இவளை எதையும் பார்த்து எழுதுன்னு ஒரு தடவைகூடச் சொல்லல."

நான் வாயாடியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனேன்.

அதன் பிறகு வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு மணிக்கு ஒரு தரம் அலாரம், ஒரு தரம் சொட்டு. தம்பி வேலையிலிருந்து லீவு போட்டுவிட்டு மருந்து பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இரண்டாவது தடவை போனபோது ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். திரைக்கு வெளியே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். வாயாடி உள்ளே போய் மேல் இரண்டு வரியைச் சொன்னாள். பரிசோதிக்கும் பெண் குறித்துக்கொண்டாள். டீச்சர் வரும் வழியிலேயே எனக்குப் போன் செய்து அழுதாள். மூன்றாவது தடவை நாலு வரி. அன்று தம்பி முழுசாக ஒரு வாக்கியம் பேசினான்: "அக்கா, பாப்பா பிழைச்சுட்டா."

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லையாம். "உள்ள பார்த்தா வீக்கம் ஒண்ணும் குறையல. ஆனா படிக்கிறா" என்று சொல்லி யோசித்திருக்கிறார். இன்னும் இரண்டு வாரம் அதே மருந்து என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம்பிக்கை வந்துவிட்டால் காது பாதி அடைத்துக்கொள்ளும்.

நாலாவது தடவை நானும் போனேன். பெஞ்சில் வாயாடி என் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். திரைக்குள்ளே ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். உள்ளேயிருந்து ஒரே வரிசை வந்துகொண்டிருந்தது. "ட. ப, ம. ய, வ, ர." ஒரு பெண் குரல், ஓர் ஆண் குரல், ஒரு பெரியவர் இருமிக்கொண்டே. வாயாடியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஏதோ பாட்டு முணுமுணுக்கிறாள் என்று நினைத்து அவள் தலையை வருடிக் கொடுத்தேன்.

"அத்தை, இன்னிக்கு நான் அஞ்சு வரி சொல்லப் போறேன்" என்றாள். "அம்மா ரொம்ப சந்தோஷப்படுவா."

எங்கள் முறை வந்தபோது டாக்டரே அந்த அறைக்கு வந்தார். பரிசோதிக்கும் பெண்ணிடம் மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். அவள் சுவரிலிருந்த அட்டையைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினாள். சத்தமே இல்லாமல் மாட்டினாள். நான் அதைப் பார்த்தேன். அதில் எழுத்தே இல்லை. மேலிருந்து கீழ் வரை எண்கள்தான். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஏழு.

டீச்சரும் பார்த்தாள். அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"சொல்லும்மா" என்றார் டாக்டர்.

வாயாடி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அட்டை இருக்கும் திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தெளிவாக, தடுமாறாமல் சொன்னாள். "ட. ப, ம. ய, வ, ர." நாலாவது வரி. ஐந்தாவது வரி. பெரியவர் இருமி நிறுத்திய இடத்தில் அவளும் ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள். அவளைப் பொறுத்தவரை அது ஏமாற்று இல்லை. இந்த அறைக்குள் வருகிற எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிற பாட்டு அது. அவளும் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள், அவ்வளவுதான். சோதனை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

டீச்சரின் நகம் என் தோலில் இறங்கியிருந்தது, வலித்ததாக நினைவில்லை. நாங்கள் ஆறு வாரத்தை இந்த ஐந்து வரியை நம்பிக் கடத்தியிருந்தோம்.

வாயாடி சிரித்த முகத்தோடு கொஞ்ச நேரம் காத்திருந்தாள். யாரும் ஒன்றும் சொல்லாததால், எங்களுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடியும், இன்னும் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.